எறிந்த பிரம்பு

வேம்புலி அன்றைக்குக் காலையிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிவிட்டான். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. குடிசைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தான். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நாகவல்லி தலையைத் தூக்காமலே, "இன்னாடா, வாத்தியாரு அதுக்குள்ள உட்டுட்டாரா?" என்று கேட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். மகனின் விரல் இடுக்கில் ரத்தம் வழிந்து, மழைத் தண்ணீரோடு சேர்ந்து முழங்கை வரைக்கும் ஓடியிருந்தது.

"கைய எடுடா."

"வேணாம்மா."

"எடுடான்றேன்!"

அவளே பிடித்து இழுத்தாள். இழுத்திருக்க வேண்டாமோ என்று உடனே தோன்றியது. புருவத்திலிருந்து கன்னம் வரைக்கும் தோல் கிழிந்திருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வீக்கம்தான் இருந்தது. உள்ளே கண் இருக்கிறதா, போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை.

சேரியில் யாருக்குக் கண்ணில் அடிபட்டாலும் பால் கொடுக்கிற தாயைத்தான் தேடி ஓடுவார்கள். இன்றைக்கு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை. குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு, மகனின் தலையை மடியில் வைத்து, வீக்கத்தை இரண்டு விரலால் லேசாகப் பிரித்து, தன் பாலைப் பீய்ச்சி விட்டாள். அவன் காலை உதைத்தான். குழந்தை தரையில் கிடந்து வீல் வீலென்று கத்தியது. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் அவளிடம் பால் கேட்டதில்லை. கேட்கும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

"வாத்தியாரு கையிலதான அடிப்பாரு? கண்ணுல எப்டிடா பட்டுச்சி?"

"மத்த பசங்களுக்குத்தாம்மா கையில. எனக்கு எறிவாரு."

நாகவல்லிக்கு விளங்கவில்லை. வேம்புலி மடியில் கிடந்தபடியே, தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொன்னான். மற்றப் பையன்கள் வாத்தியார் எதிரே போய்க் கையை நீட்டுவார்கள். இவன் போகக்கூடாது. கதவோரம், தன் கோணிப்பையின் மேல் எழுந்து நிற்க வேண்டும். அவர் தன் இடத்திலிருந்தே பிரம்பை வீசி எறிவார். மேலே பட்டுக் கீழே விழுந்ததும், சட்டாம்பிள்ளை பரந்தாமன் சொம்புத் தண்ணீரைத் தெளித்துத் தீட்டுக் கழித்து, பிரம்பை எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பான்.

"கண்ணுக்கு நேரா வருதுன்னா நவுந்துக்க வேண்டியதுதானேடா?"

"நவுந்தா படாது. படலன்னா மறுபடியும் எறிவாரு. நவுராத நில்லுன்னு நைனாதான் சொல்லிச்சி."

நைனா சொல்லிச்சாம். அப்படியானால் கன்னியப்பனுக்கு இது தெரியும். நாகவல்லி மகனின் முகத்தைத் துணியால் கட்டி, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, புருஷன் வேலை செய்கிற கழனிக்கு மழையோடு மழையாக ஓடினாள்.

கன்னியப்பனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பரந்தாமனின் அப்பா தசரதன் வீட்டுப் படியாள்; அவரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவான். ஏர் ஓட்டுவது, மடை திருப்புவது, மாடு பார்ப்பது எல்லாம் அவன்தான். குடியிருக்கிற குடிசையும் தசரதன் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் புறம்போக்கு நிலத்தில்தான் இருந்தது. கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், பெண்டாட்டி மேல் கை நீட்ட மாட்டான். பெரியவர்கள் ஒன்றைச் செய்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புவான். அந்த ஒரு குணம்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம்தான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சேரிப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். மனம் கனிந்து சேர்க்கவில்லை. சேரிப் பிள்ளை ஒன்றாவது பதிவேட்டில் இல்லாவிட்டால் ஜில்லா போர்டு பணம் நின்றுவிடும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்துவிட்டது. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் நடந்த பள்ளிக்கூடத்தை அவசர அவசரமாக ஏரிக்கரைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். சேரியிலிருந்து இரண்டு பையன்கள் போனார்கள். ஒருவன் ஒரே மாதத்தில் மாடு மேய்க்கப் போய்விட்டான். மிச்சம் வேம்புலி ஒருவன்தான். "எம் புள்ள பேரு இல்லன்னா இந்தப் பள்ளிக்கூடமே இல்ல, தெரியுமா?" என்று கன்னியப்பன் சேரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

சேர்த்த அன்றைக்கு மற்ற அப்பன்மார்கள் எல்லாம் வாத்தியாரிடம் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்கள். கன்னியப்பன் கொட்டகைக்கு வெளியே, வெயிலில், மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான். தன் முறை வந்ததும் அவனும் உரக்கச் சொன்னான்: "சாமி, கண்ணு ரெண்டு மட்டும் எனக்கு உட்டுடுங்க. தோலும் சதையும் உங்களுது." வீட்டுக்கு வந்து இதை நாகவல்லியிடம் சொன்னபோது அவன் முகத்தில் அப்படியொரு பெருமை. ஊராரைப் போலத் தானும் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டான் அல்லவா? வாத்தியார் வீரராகவன் தலையை ஆட்டினாராம். நாகவல்லி அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூந்தமல்லி ஆசுபத்திரிக்குப் போகிற வழி முழுக்க இருவரும் சண்டை போட்டார்கள். கன்னியப்பன் தோளில் மகன். சாலையில் முட்டியளவு தண்ணீர். நாகவல்லி குழந்தையை முந்தானைக்குள் மூடிக்கொண்டு பக்கத்தில் நடந்தாள்.

"எறியறாருன்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சிகினே அனுப்புன?"

"மொத நாளே பாத்தேன். இன்னா பண்ணச் சொல்ற? தொட்டு அடிச்சாலும் அடிதான், தூக்கி எறிஞ்சாலும் அடிதான். அடி வாங்காம எவன்டி படிச்சான்? ஆண்டே ஊட்டுப் புள்ளயும்தான் வாங்குது."

"அந்தப் புள்ளைக்கு எறியறாரா?"

கன்னியப்பன் மகனை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

"நாயி மேலதான் எட்ட நின்னு எறிவாங்க. நாயிகூட நவுந்துக்கும். எம் புள்ளைய நவுராத நில்லுன்னியே, நீ மனுசனா?"

தோளில் கிடந்த வேம்புலி, "சண்ட போடாதீங்க நைனா, தல வலிக்குது" என்றான். அதற்கப்புறம் கண் போய்விட்டதா என்கிற கேள்விதான் மூன்று பேருக்கும் நடுவில் இருந்தது. அதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

ஆசுபத்திரியில் டாக்டர் வீக்கத்தைப் பிரித்து, விளக்கைப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். நாகவல்லி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, "கண்ணு இருக்கு. அரை நெல்லு அளவு உள்ளே பட்டிருந்தா போயிருக்கும்" என்றார். அவள் மகனின் ஈரத் தலையை முந்தானையால் துவட்டத் தொடங்கினாள்.

"எப்படிப் பட்டுது?"

"வரப்புல வழுக்கி முள்ளு மேல உழுந்துட்டான் சாமி" என்றான் கன்னியப்பன். கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னான். நாகவல்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். அவன் அவள் பக்கம் திரும்பவில்லை.

வேம்புலி ஒரு வாரம் வீட்டில் கிடந்தான். வீக்கம் வடிந்து, கண் கீற்றாகத் திறந்தது. நாகவல்லி நல்ல கண்ணைப் பொத்திவிட்டு, "என் கையில இன்னா கீது?" என்று தினம் கேட்டாள். முதலில் "வெளிச்சமா கீது" என்றான். பிறகு "ஏதோ கறுப்பா" என்றான். ஒரு நாள் காலையில், "கரண்டிம்மா, கைப்பிடி ஒடஞ்ச கரண்டி" என்று சொல்லிச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அந்தப் பொழுதே தசரதன் கன்னியப்பனைக் களத்துமேட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார். கன்னியப்பன் திரும்பி வந்து, பெண்டாட்டியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னான்.

"நாளைக்குப் புள்ளைய அனுப்பணுமாம். பேர அடிச்சிட்டா பள்ளிக்கூடம் பூடுமாம். அப்பால பரந்தாமன் படிக்க பூந்தமல்லிக்கு நடக்கணும்னு ஆண்டே கத்தறாரு."

"அப்புறம்?"

"யாரு கேட்டாலும் வரப்புல உழுந்தான்னே சொல்லணுமாம். நீயும் வாய வெச்சிகினு சும்மா இருக்கணுமாம். இல்லன்னா..." அவன் கூரையைப் பார்த்தான். மீதியைச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நாகவல்லி அடுப்புக்குள் சுள்ளியைத் தள்ளினாள். மகனைப் பார்த்து, "நீ போறியாடா?" என்றாள்.

"போறேம்மா. எட்டாம் வாய்ப்பாடு பாதியில நிக்குது" என்றான் வேம்புலி. இவ்வளவுக்குப் பிறகும் பிள்ளைக்கு வாய்ப்பாட்டின் மேல்தான் நினைப்பு. அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலவும் இருந்தது.

"சரி. நான் இட்டுகினு போறேன்."

"நீ எதுக்கு?" என்றான் கன்னியப்பன் பதறிப்போய்.

"தோலும் சதையும் உங்களுதுன்னு குடுத்துட்டு வந்தியே, யாரக் கேட்டுக் குடுத்த?"

"எல்லா அப்பனும் சொல்றதுதானே?"

"அப்பன் சொன்னா ஆச்சா? அந்தத் தோலு எங்கேருந்து வந்துச்சி? சதை எங்கேருந்து வந்துச்சி? உன் வவுத்துலேருந்தா?"

இப்படி ஒரு கேள்வி உண்டு என்றே அந்த ஊரில் எந்த அப்பனுக்கும் தெரியாது.

மறுநாள் காலையிலும் மழை. கொட்டகை ஊருக்கு மேற்கே, சேரி கிழக்கே. நேராக ஊர்த்தெரு வழியாகப் போனால் கூப்பிடு தூரம். சேரிப் பிள்ளை அந்த வழியாகப் போகக்கூடாது என்பதால், வேம்புலி கால்வாயைச் சுற்றி வரப்பு மேலேயே நடந்து போவான். மழைக்காலத்தில் கால்வாய் நிரம்பி வரப்பு முழுகிவிடும். அவன் இன்னும் சுற்றுவான். நேரமாகிவிடும். அன்றைக்குப் பிரம்பு எறிந்ததும் நேரம் கழித்து வந்ததற்குத்தான். ஊரே சேர்ந்து பையனை நேரம் கழித்து வரவைத்துவிட்டு, நேரம் கழித்து வந்தான் என்று கண்ணில் எறிந்தது. இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

பிரியும் இடத்தில் வேம்புலி வழக்கம்போல வரப்புப் பக்கம் திரும்பினான். நாகவல்லி அவன் கையைப் பிடித்துத் தெருப் பக்கம் இழுத்தாள்.

"யம்மா, இது ஊருத்தெரு."

"தெரியும். நட."

குழந்தை இடுப்பில் இருந்தது. கன்னியப்பன் பின்னாலேயே, கொஞ்சம் தள்ளி, "வேணாம்டி, ஏய், சொன்னா கேளுடி" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான். தெரு முனையில் நின்றுவிட்டான். கால் மேலே வரவில்லை. அப்புறம் என்ன நினைத்தானோ, தலையைக் குனிந்துகொண்டு அவனும் நடந்தான்.

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நாகவல்லிக்கு முதுகில் பார்வைகள் உறைத்தன. பாதி தூரத்தில் தசரதன் பெண்சாதி பொன்னம்மாள் வாசலில் நின்றாள்.

"ஏய் நாகவல்லி! இன்னாடி இந்தப் பக்கம்?"

"வரப்பு முழுகிப் போச்சும்மா. புள்ளைக்கு நேரமாவுது" என்றாள் நாகவல்லி. நடையை நிறுத்தவில்லை. பொன்னம்மாள் உள்ளே திரும்பிப் புருஷனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. இன்றைக்குச் சாயங்காலம் குடிசை இருக்குமோ இருக்காதோ என்று நாகவல்லி நினைத்தாள். நினைத்துக்கொண்டே நடந்தாள்.

கொட்டகையில் மணி அடித்துப் பாடம் தொடங்கியிருந்தது. வீரராகவன் நாற்காலியில் இருந்தார். காஞ்சிபுரத்துக்காரர், ஒல்லியான மனிதர். ஊரில் யாரிடமும் உரக்கப் பேசியதில்லை; பிள்ளைகளிடம் மட்டும்தான் அவர் குரல் ஏறும். வேம்புலி தன் கோணிப்பையின் மேல் போய் நின்றான். தையல் போட்ட புருவமும், பாதி மூடிய கண்ணும், மஞ்சள் பூத்த கன்னமுமாக இருந்தான். வாத்தியார் ஒரு தரம் பார்த்துவிட்டுப் பார்வையை நகர்த்திக்கொண்டார்.

"ஏண்டா லேட்டு?" என்றார். கை தன்பாட்டுக்குப் பிரம்பின் மேல் போயிற்று. இத்தனை வருஷப் பழக்கம் அது.

"ஐயா" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் அவர் நாகவல்லியைப் பார்த்தார். அவள் வாசற்படிக்கு வெளியே, மழையில் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால் கன்னியப்பன், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"நீ ஏன் இங்க வந்தே? போ, போ. பையன் வந்துட்டான் இல்ல, போ."

"ஒரு வார்த்த சொல்லிட்டுப் போறேங்க. இவரு உங்ககிட்ட தோலும் சதையும் குடுத்தேன்னு சொன்னாரு. அது அவரு வார்த்த. பெத்தது நானு. என்னை யாரும் கேக்கல. நான் குடுக்கல."

வாத்தியாருக்கு முகம் ஜிவ்வென்று சிவந்தது. பிள்ளைகள் எதிரே, அதுவும் ஒரு சேரிப் பொம்பளை. அவர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவளைச் சமமாக வைத்துப் பேசிய மாதிரி ஆகிவிடும். பிரம்பை எடுத்தார்.

"நேரம் கழிச்சு வந்தா என்ன? டேய், சொல்லுடா!"

வேம்புலி பழக்கப்படி கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, விறைத்து நின்றான். நல்ல கண் இமைக்காமல் பிரம்பையே பார்த்தது. பரந்தாமன் சொம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எழுந்த வேகத்தில் தண்ணீர் தரையில் சிந்தியது. வாத்தியாரின் கை ஓங்கியது.

"நவுருடா வேம்புலி!"

அது நாகவல்லியின் குரல். வயிற்றிலிருந்து வந்த குரல். வேம்புலி நகர்ந்தான். பள்ளிக்கூடத்துக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக நகர்ந்தான். பிரம்பு அவன் நின்ற இடத்தைத் தாண்டி, கதவு நிலையில் பட்டு, வெளியே சேற்றில் அவள் காலடியில் விழுந்தது.

நாகவல்லி குனிந்து அதை எடுத்தாள். பிரம்பில் ஒட்டியிருந்த சேற்றைப் புடவையில் துடைத்தாள். பிறகு வாசற்படியில் ஒரு காலை வைத்து, கையை உள்ளே நீட்டினாள்.

"இந்தாங்க."

"கீழ வை" என்றார் வாத்தியார்.

"கீழ வெக்க மாட்டேங்க. கையில வாங்கிக்கங்க."

"கீழ வைன்னு சொல்றேன்! பரந்தாமா, தண்ணி கொண்டாடா!"

பரந்தாமன் சொம்போடு இரண்டடி வந்தான். தண்ணீர் தெளிக்க வேண்டுமானால் பிரம்பு தரையில் கிடக்க வேண்டும். அது ஒரு பெண்ணின் கையில் இருந்தது. கையில் இருப்பதன் மேல் தண்ணீர் தெளிக்கிற வழக்கம் அவனுக்குச் சொல்லித் தரப்படவில்லை. வாத்தியாரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், அங்கேயே நின்றுவிட்டான்.

"எம் புள்ளைய அடிக்கணும்னா அடிங்க" என்றாள் நாகவல்லி. குரல் இப்போது தணிந்திருந்தது. "இத என் கையிலேருந்து வாங்கி, அவன் கையப் புடிச்சி, மத்த புள்ளைங்களுக்கு அடிக்கிற மாதிரி அடிங்க. நான் நின்னு பாக்கறேன். தொட முடியாதுன்னா அடிக்காதீங்க. எட்ட நின்னு எறிய அவன் நாயி இல்ல."

வீரராகவன் நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டு மூன்று எட்டு வைத்து வந்தார். கையை நீட்டினார். பிரம்பின் நுனிக்கு ஒரு சாண் இருக்கும்போது அந்தக் கை நின்றது. பையன்கள் யாரும் நாகவல்லியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். அது முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை.

"கன்னியப்பா!" என்றார் வாத்தியார், வெளியே பார்த்து. குரல் கரகரத்தது. "என்னடா இது? நீதானேடா அன்னிக்கு வாக்குக் கொடுத்தே? உன் பெண்டாட்டிக்குச் சொல்லு. கீழ வைக்கச் சொல்லு!"

நாகவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியவில்லை. கீழே வை என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் போயிற்று. தெருப் பக்கமிருந்து தசரதன் வேகமாக வந்துகொண்டிருப்பதும் அவள் காதில் விழுந்த செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. மழை கூரையில் சடசடத்தது.

கன்னியப்பன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். திரும்ப இடுப்பில் கட்ட மறந்து, தோளில் போட்டுக்கொண்டான்.

"கண்ணு ரெண்டும் எனக்குன்னுதானே சாமி சொன்னேன்" என்றான். "அதத்தான நீங்க மொதல்ல எடுக்கப் பாத்தீங்க."

அவன் வரப்பு என்று சொல்லவில்லை. முள் என்று சொல்லவில்லை.

வாத்தியாரின் கை மெல்லக் கீழே இறங்கியது. அவர் நாற்காலிக்குத் திரும்பிப் போனார். உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்தார். எந்தப் பக்கம் என்று பார்க்காமலே பிரித்தார்.

"போய் ஒக்காரு வேம்புலி. ஒக்காந்து படி" என்றாள் நாகவல்லி.

வேம்புலி கோணிப்பையின் மேல் உட்கார்ந்து பலகையை எடுத்தான். செருப்புச் சத்தம் அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. "ஏய், யாருடி அது?" என்று தசரதன் கத்தினார். குழந்தை அழத் தொடங்கியது. நாகவல்லி குழந்தையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கொண்டாள். பிரம்போடு நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.